நிஜாமுத்தீன் தர்காவுக்குப் போகிறவர்கள் சந்திலேயே செருப்பைக் கழற்றாதீர்கள்

போன மாதம் உம்மாவை டெல்லிக்கு அழைத்துப் போனேன். சூஃபி ஞானி ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவுலியாவை ஜியாரத் (அடக்கத்தல தரிசனம்) செய்ய வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. திருக்குறள் எக்ஸ்பிரஸ் போய் நிற்கும் ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர்தான். பலகையைப் பார்த்ததும் உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மெயின் ரோட்டிலிருந்து தர்காவுக்கு வளைந்து வளைந்து போகும் சந்து முழுக்கப் பூக்கடைகள். பாதி தூரம்கூடப் போகவில்லை, ஒருவர் வழிமறித்து, "மாஜி, இதுக்கு மேல செருப்போட போகக் கூடாது" என்று இந்தியில் சொன்னார். கழற்றினோம். உடனே ரோஜாத் தட்டும் பச்சைப் போர்வையும் உம்மா கைக்கு வந்துவிட்டன. விலை கேட்டேன். "ஜியாரத்தை முடிச்சுட்டு வாங்க, காசு அப்புறம்" என்றார். அங்கேயே தட்டைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்தால், எதிரே வருகிறவர்கள் எல்லாரும் செருப்போடு வருகிறார்கள்! நுழைவாயிலை ஒட்டியே செருப்பை விட இடம் இருக்கிறது.

உள்ளே இன்னொருவர் நன்கொடை நோட்டை விரித்தார். 5,100, 2,100 என்று வரிசையாகத் தொகைகள். லங்கருக்காம், அதாவது ஏழைகளுக்கான இலவசச் சாப்பாட்டுக்காம். உம்மா 500 நீட்டினார். "இவ்வளவு தூரம் வந்து இதுதானா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் நோட்டுக்காரர். கூசிப்போய் 2,000 கொடுத்தார் உம்மா. ரசீது கிடையாது. திரும்பி வந்தால், தட்டுக்கும் போர்வைக்கும் 1,800.

காசு போகட்டும். அங்கேயே அடங்கியிருக்கும் சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு அவருடைய குருவான நிஜாமுத்தீனிடம் போவதுதான் அங்குள்ள முறை. இந்த அவசரத்தில் அது விட்டுப்போயிற்று. பெண்கள் மஜார் (அடக்கத்தலம்) அறைக்குள் போக முடியாது, வெளியே உட்கார்ந்து ஓதலாம். உம்மா குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதத் தொடங்கியும் நோட்டுக்காரர் நகரவில்லை. வந்த காணிக்கையையெல்லாம் ஏழைகளுக்குப் பங்கிட்டவர், சுல்தான்களின் வாசலை மிதிக்காதவர் அந்த மகான். அவர் முன்னிலையில் வயதான பெண்ணை வெட்கப்பட வைத்துவிட்டார்களே!

உள்ளே போகக் கட்டணம் எதுவும் இல்லை. தட்டும் போர்வையும் கட்டாயமில்லை. வேண்டுமென்றால், கையில் வாங்கும் முன்பே விலையைப் பேசிவிடுங்கள். நோட்டில் எழுத வேண்டாம், ரசீது இருந்தால் மட்டும் கொடுங்கள்.

வியாழன் மாலை மறுபடி போனோம். யார் கூப்பிட்டும் நிற்காமல் வாசல் வரை செருப்போடு நடந்தோம். முதலில் குஸ்ரோவிடம் ஸலாம். கவ்வாலி என்ற சூஃபி பாட்டு தொடங்கும் வரை உம்மா நிம்மதியாக உட்கார்ந்து யாசீனை முழுதாக ஓதி முடித்தார்.