மதுரையில் தெருவுக்கு வரும் தக்காளி வண்டிகள்: எடையைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள்

மழையால் வரத்துக் குறைந்து தக்காளி விலை ஏறியிருக்கும் இந்நாட்களில், ஒலிபெருக்கி கட்டிய சிறு சரக்கு வண்டிகள் எங்கள் பகுதித் தெருக்களில் காய்கறி விற்று வருகின்றன. அவற்றில் ஒரு வண்டியிடம் நானும் எங்கள் தெருவில் இன்னும் சிலரும் ஏமாந்தோம். நேர்மையாக விற்றுப் பிழைப்பவர்களும் அப்படி வருகிறார்கள் என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். நடந்ததைத் தெரிந்துகொண்டால், எந்த வண்டியில் வாங்குவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தெருமுனை மளிகைக் கடையில் தக்காளி கிலோ 80 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தபோது, "அஞ்சு கிலோ முந்நூறு ரூபா" என்று கூவிக்கொண்டு அந்த வண்டி வந்தது. கிலோ 60 ரூபாய் என்றதும் எனக்குச் சந்தேகமே எழவில்லை. 2023 ஜூலையில் வெளியில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது நினைவில் இருந்ததால், அந்த விலை நியாயமானதாகவே தோன்றியது. எங்களுக்கு ஒரு கிலோ இரண்டு நாட்களுக்குப் போதும் என்றாலும், நாளை இன்னும் ஏறிவிடுமோ என்ற பயத்தில் 5 கிலோ கேட்டேன்.

பொறுக்கி எடுக்க அனுமதி இல்லை. விற்பனையாளரே கூடையிலிருந்து அள்ளிப் பையில் போட்டார். மின்னணுத் தராசு வண்டியின் உட்புறம் இருந்தது. எட்டிப் பார்த்தபோது முதலில் சுழியும், பையை வைத்ததும் 5.000 என்றும் காட்டியது. அதன் மேல் ஒரு கைப்பிடி கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கொசுறாகக் கிடைத்தன. மல்லிக்கட்டும் விலையேறிக் கிடக்கும் நேரத்தில் அந்தக் கொசுறு என் மனத்தை நிறைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் பையைக் கவிழ்த்தபோது மேலே இருந்தவை காம்போடு கெட்டியாக இருந்தன. அடியில் இருந்தவை தோல் வெடித்து, காம்பைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சை பிடித்து, கையில் எடுத்ததும் நீராக ஒழுகின. பலகாரத்துக்கு மாவு நிறுக்க வைத்திருக்கும் சிறு தராசில் மூன்று தவணையாக எல்லாவற்றையும் நிறுத்தேன். மொத்தம் 4 கிலோ 80 கிராம்தான் இருந்தது. அதில் 700 கிராம் அழுகல். சமையலுக்கு உதவும் 3 கிலோ 380 கிராமுக்கு 300 ரூபாய் கொடுத்திருக்கிறேன் என்றால், கிலோ ஏறத்தாழ 89 ரூபாய் ஆகிறது. மலிவு என்று நினைத்து வாங்கியது மளிகைக் கடை விலையைவிட 9 ரூபாய் கூடுதல்.

அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, சின்ன வெங்காயம் வாங்கிய எதிர்வீட்டு அக்காவுக்கும் இதே அளவில் எடை குறைந்திருந்தது தெரிந்தது. வியாழக்கிழமை அதே வண்டி மீண்டும் வந்ததும், அக்கா கடையில் வாங்கிய பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைக் கொண்டுவந்து தராசில் வைத்தார். அது 1.230 என்று காட்டியது. "மழைல மெஷின் நனைஞ்சிருச்சுக்கா" என்றார் விற்பவர். பேசிக்கொண்டே தராசின் ஒரு பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துவிட்டு, பொட்டலத்தை எடுத்து மறுபடியும் வைத்தார், இப்போது 1.005 என்று சரியாகக் காட்டியது. அந்த ஒரு பொத்தான் நனைந்த தராசை உலர்த்தியிருக்க முடியாது. எங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டி அவசரமாகக் கிளம்பியது. செவ்வாய்க்கிழமை வாங்கிவிட்டு, வியாழக்கிழமை வீட்டில் இல்லாதவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களில் தினக்கூலிக்குப் போகும் இரண்டு பெண்கள் இருப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

தராசு சுழியில் தொடங்குகிறதா என்று பார்த்தால் போதும் என்று நானும் இதுவரை நம்பியிருந்தேன். எங்கள் விஷயத்தில் சுழி சரியாகவே இருந்தது. பொருளை வைத்த பிறகுதான் கூட்டிக் காட்டியது. ஆகவே எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. பிரிக்காத ஒரு கிலோ உப்பையோ சர்க்கரையையோ பையில் எடுத்துச் செல்வது யாருக்கும் கடினமில்லை. வைத்துப் பார்க்க மறுக்கும் இடத்தில் வாங்க வேண்டாம். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ், வியாபாரத்துக்குப் பயன்படும் தராசுகள் முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். மின்னணுத் தராசுகளுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை கட்டாயம். முத்திரையையும் சான்றிதழையும் காட்டும்படி வாங்குபவர் தயங்காமல் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. நாங்கள் மாவட்ட அலுவலகத்தில் வண்டி எண்ணையும், நாளையும் நேரத்தையும், தராசைக் கைப்பேசியில் எடுத்த படத்தையும் சேர்த்து எழுத்தாகப் புகார் கொடுத்திருக்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் புகார் பதியலாம். தெருவில் வரும் வண்டிக்கு ரசீதும் முகவரியும் இருக்காது என்பதால், வாங்கும்போதே வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வது அவசியம். செவ்வாய்க்கிழமை நான் அதைச் செய்யவில்லை.

செலவைக் குறைக்க வேண்டியவர்களுக்கு உழவர் சந்தையை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். 1999இல் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதே எங்கள் மதுரையில்தான். அங்கே அன்றாட விலை, மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையில் நிர்ணயிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது; பொறுக்கி எடுக்கவும் விடுகிறார்கள். நான் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனபோது தக்காளி 68 ரூபாய். வெயில் ஏறுவதற்குள் போனால்தான் நல்ல காய் கிடைக்கும்.

விலை ஏறும்போது மொத்தமாக வாங்கி வைப்பதும் நஷ்டத்தில் முடியக்கூடும். மழையில் நனைந்து வந்த தக்காளி மூன்றாம் நாளே இளகிவிடுகிறது. ஒன்று அழுகினால் பக்கத்தில் உள்ளதும் கெடும். அரைக் கிலோ வாங்கி, ஈரம் துடைத்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் பரப்பி வையுங்கள். விலை இறங்கும் வரை ரசத்துக்குப் புளியைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். பருப்புக்கு மாங்காய்த் துண்டு போடலாம். எங்கள் வீட்டில் இந்த வாரம் அப்படித்தான் நடக்கிறது.

அந்த வண்டி இப்போது பக்கத்துத் தெருக்களில் மாலை நேரத்தில் வருவதாகச் சொல்கிறார்கள். வெள்ளை நிற வண்டி, நீலத் தார்ப்பாய், தராசு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்புறமாக இருக்கும். வாங்குவதற்கு முன் உப்புப் பொட்டலத்தை ஒருமுறைக்கு இருமுறை வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரு கிலோவை ஒட்டிய ஒரே எடையைக் காட்ட வேண்டும்.