அல்சாஸ் வைன் பாதையில் ஒரு வாரத்துக்கு ஒரு வீடு: குடும்பத்தோடு தங்கிய அனுபவம்

மூன்று தலைமுறையும் சேர்ந்து பிரான்ஸின் வைன் ஊர்ப் பக்கம் போகிறீர்கள் என்றால் ஹோட்டல் வேண்டாம், ஒரு ஜீத் பாருங்கள். நாட்டுப்புறத்தில் குசினி, கட்டில், பாத்திரம் எல்லாவற்றோடும் வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிற முழு வீடுதான் ஜீத். நாங்கள் பிரான்ஸின் கிழக்கே ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸில், கொல்மார் நகருக்குப் பக்கத்து ஊரான எகிசைமில் தங்கினோம். ஒரு திராட்சை விவசாயக் குடும்பத்தின் முற்றத்தை ஒட்டிய வீடு. மாமா, மாமி, இவர், நான், பிள்ளைகள் இரண்டு பேர். எங்களில் வைன் குடிப்பவர் இவர் ஒருவர்தான். அப்படியிருந்தும் ஆறு பேருக்கும் பிடித்த விடுமுறையாக அமைந்தது. முக்கால் பங்கு காரணம் அந்த வீடு.

முதலில், ஏன் அல்சாஸ்? வைனுக்குப் பூர்கோஞும் போர்தோவும் பெயர் பெற்றவை. ஆனால் வைனில் ஆர்வமில்லாத சின்னப் பிள்ளைக்கு அங்கே ஒரு வாரத்தை எப்படி ஓட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அல்சாஸ் வைன் பாதை வடக்கே மார்லன்ஹைமில் தொடங்கித் தெற்கே தானில் முடிகிறது, சுமார் 170 கிலோமீட்டர். 1953இல் திறந்தார்கள். ஒரு பக்கம் வோஜ் மலை, மறுபக்கம் ரைன் சமவெளி, நடுவில் சரிவு முழுக்கத் திராட்சை. ஊருக்கும் ஊருக்கும் இடையே காரில் பத்து நிமிடம் போனாலே அதிகம். பிள்ளைகள் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். மேற்கிலிருந்து வருகிற மழையை வோஜ் மலை தடுத்துவிடுவதால் கொல்மார் பிரான்ஸிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. பாரிஸில் குடையோடு திரிகிறவர்களுக்கு இதுவே பெரிய விஷயம்.

நாங்கள் ரயிலில் போனோம். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் அரிசி, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் எல்லாம் வாங்கிக்கொண்டு கார் து லெஸ்ட் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கிருந்து கொல்மாருக்கு நேர் ரயில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்க்கிறது. கொல்மாரில் ஏழு பேர் இருக்கக்கூடிய காரை வாடகைக்கு எடுத்தோம். கார் இல்லாமலும் சமாளிக்கலாம். ஆனால் முழங்கால் வலியுள்ள ஒருவர் கூட இருந்தால் கார் எடுத்தே ஆக வேண்டும்.

இனி வீடு. எகிசைம் ஊரே வட்டம் வட்டமாகக் கட்டியது. நடுவில் ஒரு சின்னக் கோட்டை, அதைச் சுற்றித் தெருக்கள். மரச்சட்டங்களுக்கு இடையில் மஞ்சள், நீலம், செம்மண் நிறம் பூசிய வீடுகள், ஜன்னல் தோறும் பூச்சட்டிகள். 2013இல் பிரெஞ்சு மக்கள் தங்களுக்குப் பிடித்த கிராமமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் பகலில் கூட்டம் வரும். மாலை ஆறு மணிக்கு மேல் பஸ்களெல்லாம் போய்விடும். தெரு நமக்கே நமக்கு. ஊருக்குள்ளேயே தங்குவதன் பலன் அதுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா அந்த வட்டத் தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார். எங்கே திரும்பினாலும் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுகிற தெரு என்பதால் தொலைந்துபோகிற பயமும் இல்லை.

கீழ்த்தளத்தில் ஓர் அறையும் குளியலறையும் இருந்ததால்தான் இந்த வீட்டை எடுத்தோம். பழைய அல்சாஸ் வீடுகளில் மாடிப்படி செங்குத்தாக, ஏணியைப் போல இருக்கும். படத்தில் அது தெரியாது. "கீழ்த்தளத்தில் படுக்கையறை உண்டா, அதே தளத்தில் கழிவறை உண்டா" என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று இருந்து மற்றது இல்லாத வீடுகள் நிறைய. அடுத்த கேள்வி அடுப்பு. இங்கே பல வீடுகளில் இண்டக்ஷன் அடுப்புதான். நம்முடைய அலுமினியப் புட்டுப்பானையும் இடியப்பப் பானையும் அதில் சூடேறாது. முதலிலேயே கேட்டுவைத்ததால் எவர்சில்வர் பானை கொண்டுபோனோம். மாமி முதல் காலையிலேயே புட்டு அவித்துவிட்டார். குசினியில் கனமான வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று இருந்தது. அதில் வைத்த கோழிக்கறி மாதிரி எங்கள் வீட்டில்கூட வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜீத்துகள் கோடையில் பெரும்பாலும் சனி மாலை தொடங்கிச் சனி காலை முடிகிற வாரக் கணக்கு. சனி மாலை சாமான் இறக்கிவிட்டு, மற்றதை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் சிக்கல். அல்சாஸில் ஜெர்மன் ஆட்சிக் காலத்திலிருந்து தொடர்கிற உள்ளூர்ச் சட்டத்தால் ஞாயிறன்று சூப்பர்மார்க்கெட்டுகள் மூடியே இருக்கும். பாரிஸைப் போல ஞாயிறு காலை திறந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஆகவே வீட்டுக்குப் போகிற வழியிலேயே பால், முட்டை, வெங்காயம், தண்ணீர் வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்காரர்களைப் பற்றி எத்தனை நல்ல வார்த்தை சொன்னாலும் தகும். சாவி கொடுக்கும்போதே பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறும், எங்களுக்குக் கூகெல்ஹொப் என்கிற நடுவில் துளையுள்ள கேக்கும் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் மாலை அந்த ஐயா எங்களைத் தன் நிலவறைக்கு அழைத்துப் போனார். வெளியே வெயில் எரிக்க, உள்ளே மாமி சால்வையைப் போர்த்திக்கொள்கிற அளவுக்குக் குளிர். ஆள் உயரத்துக்கும் மேலே ஓக் மரப் பீப்பாய்கள். ஒன்றின் சிறு கதவைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். உள்சுவர் முழுக்கக் கற்கண்டு ஒட்டியது போல் மின்னியது. வருடக்கணக்காக வைனிலிருந்து படிந்த உப்புப் படிகம் அது. அந்தப் படலம் மரத்துக்கும் வைனுக்கும் நடுவில் நிற்பதால் மரவாசனை வைனில் ஏறாது; திராட்சையின் மணம் மட்டும் நிற்கும் என்று விளக்கினார். மகள் விரலால் தொட்டுப் பார்த்தாள். அவர் ஒரு துண்டைப் பெயர்த்து அவள் கையிலேயே கொடுத்தார்.

பிறகு ருசி பார்ப்பது. சில்வானர், ரீஸ்லிங் என்று இனிப்பில்லாதவற்றில் தொடங்கி, பினோ கிரி வழியாகக் கடைசியில் கெவுர்ஸ்ட்ரமினருக்கு வந்தார். ரோஜாவும் லிச்சிப் பழமும் மணக்கிற அதை முதலில் குடித்தால் மற்றவை நாக்குக்குத் தெரியாதாம். குடிக்காதவர்கள் சங்கடப்படத் தேவையில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடலாம். கார் ஓட்டப் போகிறவர் வாயில் வைத்துத் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும். அதில் துப்புவது மரியாதைக் குறைவு இல்லை. எங்களுக்கு வீட்டு வாசலிலேயே நிலவறை என்பதால் அந்தக் கவலையும் இல்லை. மாமா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, "நல்ல வாசம் தம்பி" என்று இவரிடம் சொன்னார். அந்தக் காட்சிக்காகவே நான் திரும்பவும் போவேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2021ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து அல்சாஸ் வெள்ளை வைன் போத்தல்களில் இனிப்பின் அளவைக் குறிக்க வேண்டும். 'செக்' என்று இருந்தால் இனிப்பு இல்லை, 'முவல்லே' என்று இருந்தால் நல்ல இனிப்பு. நம் உறைப்புக் கறிகளோடு ஓரளவு இனிப்புள்ள கெவுர்ஸ்ட்ரமினர் பொருந்துகிறது என்பது இவருடைய தீர்ப்பு. அதே இரவில் கோழிக்கறியோடு வைத்துப் பார்த்தார்.

பிள்ளைகளைக் கட்டிப்போட்டவை நாரைகள். எகிசைம் கோட்டைச் சதுக்கத்துக் கூரையிலேயே கூடு இருக்கிறது. 1970களில் அல்சாஸ் முழுவதிலும் பத்து இணைகூட மிஞ்சவில்லை. ஹுனாவிர் ஊரில் வளர்ப்பு நிலையம் அமைத்து மீட்டெடுத்தார்கள். இன்று ஊருக்கு ஊர் கூடு. நாரைக்குக் குரல் கிடையாது. தலையைப் பின்னால் வளைத்து அலகுகளைத் தட்டும். மரப்பலகையை வேகமாகத் தட்டுகிற சத்தம். எங்கள் மகன் அந்தச் சத்தத்துக்கே காலையில் எழும்பி ஜன்னலுக்கு ஓடினான். ஆகஸ்டில் நாரைகள் ஆப்பிரிக்காவுக்குப் புறப்படத் தொடங்கும் என்பதால், பிள்ளைகளோடு போகிறவர்கள் மே முதல் ஜூலைக்குள் போவது நல்லது. கின்ஸ்ஹைமில் காட்டுக்குள் குரங்குகளைத் திறந்துவிட்டிருக்கிற குரங்கு மலையும், அதற்கு மேலே ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டையும் ஒரே நாளில் முடியும். பாழடைந்து கிடந்த கோட்டையை 1900 முதல் 1908 வரை ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் எடுத்துக் கட்டினார். உள்ளே படிகள் அதிகம். மாமியும் நானும் வெளியே நிழலில் இருந்துவிட்டோம்.

வெளியே சாப்பிடுவதில் சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். பன்றி இறைச்சி எதிலும் நுழைந்துவிடும். பீட்சா மாதிரியான மெல்லிய தார்த் ஃப்ளாம்பேயில்கூட மேலே இறைச்சித் துண்டு தூவுவார்கள். இல்லாமல் தரச் சொன்னால் தருகிறார்கள். மாமிக்குப் பிடித்தது பிபலெஸ்கேஸ்: பூண்டும் பச்சை வெங்காயத்தாள் போன்ற கீரையும் கலந்த தயிர் மாதிரியான சீஸ், பக்கத்தில் பொரித்த உருளைக்கிழங்கு. மதியம் இரண்டு மணிக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மன்ஸ்டர் சீஸ் வாங்கினால் இறுக்கமான டப்பாவில் போடுங்கள், இல்லையென்றால் குளிர்சாதனப் பெட்டி முழுக்க அதே வாசனைதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேல்மாடி அறை ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே. ஜூலை வெயிலில் இரவு பதினொரு மணிக்கும் அனல். மின்விசிறி இருக்கவில்லை, கேட்ட பிறகு மறுநாள் ஒன்று வந்தது. பிள்ளைகள் அந்த ஓர் இரவு தூங்கவில்லை. விருந்தினருக்கு வீடு தருகிறவர்கள் இதைத் தாங்களாகவே யோசித்திருக்க வேண்டும். விடியற்காலையில் முற்றத்திலிருந்து ட்ராக்டர் புறப்படும் சத்தமும் உண்டு. அது அவர்களுடைய பிழைப்பு, அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மெல்லிய தூக்கக்காரர்கள் முற்றத்தை ஒட்டாத வீடாகப் பார்க்கலாம்.

எங்களுக்கு அந்த வார வாடகை 900 யூரோவுக்குச் சற்று மேல் வந்தது. படுக்கைவிரிப்பு, துவாய், கடைசி நாள் துப்புரவு எல்லாம் தனிக் கணக்கு. வைப்புப் பணமும் கேட்பார்கள், வீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். நாங்கள் வீட்டுக்காரரோடு தொலைபேசியில் நேரே கதைத்துப் பதிந்தோம். ஜீத் து பிரான்ஸ் அமைப்பின் பட்டியலில் ஒன்று முதல் ஐந்து வரை கதிர்ச் சின்னம் போட்டுத் தரம் காட்டியிருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு அது உதவும். ஜூனில் போனால் வாடகையும் கூட்டமும் குறைவு. செப்டம்பரில் பழுத்த குலைகளைப் பார்க்கலாம். ஆனால் அறுவடை நேரத்தில் தோட்டங்களுக்கு நடுவே போகும் நடைபாதைகளை மூடிவிடுவார்கள், வீட்டுக்காரருக்கும் உங்களோடு நிலவறையில் நிற்க நேரம் இருக்காது. பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் ஜூன் முதல் பாதியைப் பிடியுங்கள், குளிர்காலத்திலேயே பதிந்துவிடுங்கள்.