ஏஐ ஆப் ரிவ்யூ: சத்துவாச்சாரி ஜெராக்ஸ் கடையில ஆறு மாசம்

வேலூர் சத்துவாச்சாரில கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல சின்னதா ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், மனு டைப் பண்ணிக் குடுக்கறதுதான் பாதி வருமானம். ஆறு மாசமா ஒரு ஏஐ ஆப் யூஸ் பண்றேன், பேர் வேணாம்.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். ஸ்பீடு செம. விஷயத்த வாயால சொன்னாலே அனுப்புநர், பெறுநர், பொருள்னு வரிசையா வந்துடுது, அரை மணி நேர வேல இப்ப அஞ்சு நிமிஷம். பேங்க்லேர்ந்து இங்கிலீஷ்ல லெட்டர் வந்து பயந்துபோய் வர்றவங்களுக்கு அத தமிழ்ல புரியற மாதிரி எடுத்துச் சொல்லவும் ரொம்ப ஒதவுது.

ஆனா ஒரு நாள் நடந்தத இன்னும் மறக்க முடியல. ஆற்காடு பக்கம் கிராமத்துப் பெரியவர், இங்க மக வீட்ல வந்து தங்கியிருந்தாரு, முதியோர் பென்ஷன் நின்னு போச்சுன்னு மனு கேட்டாரு. கடையில கூட்டம், ஆப் குடுத்தத அப்படியே பிரிண்ட் போட்டுக் குடுத்துட்டேன். "வேலூர் மாவட்டம், ஆற்காடு வட்டம்"னு போட்டு வேலூர் கலெக்டருக்கு எழுதியிருக்கு. திங்கக்கிழமை குறைதீர்வு நாள்ல வெயில்ல லைன்ல நின்னுருக்காரு, உள்ள போனா இது ராணிப்பேட்டை போவணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மஞ்சப்பையிலேர்ந்து அந்தப் பேப்பர எடுத்து நீட்டி, "இன்னா பா, இது இங்க இல்லியாமே, வேற எழுதிக் குடு"ன்னு மட்டும்தான் சொன்னாரு. என்னத் திட்டியிருந்தா கூடப் பரவால்ல.

2019 நவம்பர்லயே வேலூர மூணா பிரிச்சாச்சு, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர். இது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஆப்புக்கு? பிரிக்கறதுக்கு முன்ன எழுதினது நெட்ல மலை மாதிரி கெடக்கு, அதப் படிச்சுதான் அடுத்து எந்த வார்த்த வரும்னு கணக்குப் போட்டு எழுதுது. பெரியவரோட ரேஷன் கார்டுல கூட பழைய வேலூர்தான் இருக்கு, அதனால பேப்பரப் பாத்து செக் பண்ணியிருந்தாலும் மாட்டியிருக்காது, ஊர் தெரிஞ்சவன் நான்தான் ஒரு செகண்ட் நின்னு யோசிச்சிருக்கணும்.

அப்புறம் டெஸ்ட் பண்ணேன். தப்புன்னு சொன்னேன், மன்னிச்சிடுங்க ராணிப்பேட்டைதான்னுச்சு. வேணும்னே "இல்ல, திருவண்ணாமலை"ன்னு அடிச்சேன், அதுக்கும் மன்னிப்பு கேட்டு நீங்க சொல்றதுதான் சரின்னுடுச்சு! சரியா சொல்றப்பவும் தப்பா சொல்றப்பவும் அதே தெளிவான நட, அதே நம்பிக்க, இதுலதான் படிச்சவங்களே ஏமாந்துடறாங்க.

பக்கத்து வீட்டுப் பொண்ணு ஸ்கூல் பிராஜக்டுக்கு வேலூர் கோட்டைக்குள்ள இருக்கற ஜலகண்டேஸ்வரர் கோயில் பத்திக் கேட்டா, விஜயநகர காலத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் தொடர்ந்து பூஜ நடக்குதுன்னு அழகா நாலு பாரா குடுத்துச்சு. கட வாசல்ல பூ கட்டற ஆயாகிட்ட படிச்சுக் காட்டினா கைய நிறுத்திட்டாங்க. "இல்ல கண்ணு, கோட்டைக்குள்ள ரொம்ப காலமா சாமியே இல்ல, லிங்கம் நம்ம சத்துவாச்சாரிலதான் இருந்துச்சு, கோட்டைக்கு எடுத்துட்டுப் போனத நானே பாத்தேன்"னாங்க. தேடிப் பாத்தா ஆயா சொன்னதுதான் சரி, லிங்கம் கோட்டைக்குத் திரும்பினது 1981 மார்ச். பொண்ணு அத நோட்டுல எழுதிக்கிட்டா.

அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுப்பேன். லெட்டர் ஃபார்மேட்டுக்கும் மொழிபெயர்ப்புக்கும் தாராளமா வெச்சுக்கலாம். ஊர், தேதி, ஆபீஸ், மாத்திர மருந்து இதுக்கெல்லாம் அது சொன்னத மட்டும் நம்பி கால் எடுத்து வெக்காதீங்க.

இப்ப நான் பிரிண்ட் குடுக்கறதுக்கு முன்ன உங்க தாலுகா ஆபீஸ் எங்க, கலெக்டர் ஆபீஸ் எங்கன்னு கேட்டுட்டு, மனு முழுசையும் சத்தமா படிச்சுக் காட்டறேன். போன வாரம் ஒரு அம்மா பாதியில கையக் காட்டி நிறுத்தி, "அது என் மாமனார் பேரு பா, வூட்டுக்காரர் பேரு இல்ல"ன்னாங்க. மாத்திட்டுதான் பிரிண்ட் போட்டேன்.