அதட்டுபவரா, அருகில் போய்க் கேட்பவரா?

திருப்பூரில் ஏற்றுமதி ஆடை தைக்கும் சிறிய பிரிவு ஒன்றில், சென்ற ஆண்டு லைன் சூப்பர்வைசர் பொறுப்புக்கு இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒருவர் குரல் கேட்டாலே லைன் முழுவதும் தலை குனிந்து தைக்கும். மற்றவர், தவறு செய்த டெய்லரின் அருகில் போய் மெதுவாகக் கேட்பார். நான் இரண்டாமவரை எடுத்தேன்.

அதட்டலுக்குப் பலன் இல்லாமலில்லை. காலையில் மெஷின்கள் நேரத்துக்கு ஓடும், ஷிப்மெண்ட் வாரத்தில் பீஸ் கணக்கும் ஏறும். திட்டு வாங்கியவர்கள் தீபாவளி போனஸோடு அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவதும் ஊரறிந்ததே. என் முடிவுக்குக் காரணம் இவை எதுவுமல்ல, ஊசி.

ஏற்றுமதி ஆடையில் ஊசி உடைந்தால், துண்டுகள் அனைத்தையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி தருவது வழக்கம்; ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் சுற்றியுள்ள பீஸ்களையெல்லாம் ஒதுக்கிச் சோதிக்க வேண்டும். அதற்குப் போகும் அரை மணி நேரத்துக்காக எல்லோர் முன்னிலும் திட்டு விழும் என்றால் யார் வந்து சொல்வார்கள்? முந்தைய சூப்பர்வைசர் கடுமைக்குப் பெயர்போனவர். அவர் காலத்தில் எங்கள் பதிவேட்டில் வாரக்கணக்கில் ஓர் ஊசிகூட உடையவில்லை, அதைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். பிறகொரு நாள், குழந்தைச் சட்டை ஒன்றின் கழுத்துப் பட்டிக்கு மெட்டல் டிடெக்டர் கத்தியது. விசாரித்ததில், ஓவர்லாக் டெய்லர் ஒருவர் சொந்தக் காசில் வாங்கிய ஊசிப் பாக்கெட்டைத் தம் டிபன் பையில் வைத்திருந்தது தெரிந்தது. புதியவர் பொறுப்பேற்ற முதல் மாதத்தில் பதிவேட்டில் 11 ஊசிகள் ஏறின.

ஆட்கள் சரியில்லை என்பார்கள். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலையை, டொயோட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து 1984இல் மீண்டும் இயக்கியபோது, பெரும்பாலும் பழைய தொழிலாளர்களையே எடுத்தார்கள். குறை கண்டால் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுத்தார்கள். வேலைக்கு வராமைக்கும் சச்சரவுக்கும் பெயரெடுத்திருந்த அதே ஆட்களின் கையில்தான் அங்கே தரம் உயர்ந்தது.

என் அனுபவமோ 60 பேர் கொண்ட ஒரே தளத்தோடு முடிகிறது. ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் இது எடுபடுமா என்று சொல்ல நான் ஆளில்லை. புதியவரிடம் தாமதமாக வருவோர் கூடியிருப்பதும் உண்மை. அதட்டுபவரைத் துணி வெட்டும் கட்டிங் பக்கம் அனுப்பினேன். இரும்புக் கையுறை இல்லாமல் அங்கே இப்போது யாரும் மெஷினைத் தொடுவதில்லை. அங்குள்ள முதலுதவிப் பதிவேடு மட்டும் இதுவரை காலியாகவே இருக்கிறது.