டென்வர் ஏர்போர்ட்: சிவப்புக் கண் குதிரையும் பாதாள நகரமும்

பிள்ளை அமெரிக்காவின் கொலராடோவில், பெற்றோர் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ. டிக்கெட் போட்ட மறுநாளே குடும்ப வாட்ஸப் குழுவில் ஏதாவது ஒரு சித்தப்பா அந்த வீடியோவைப் போட்டுவிடுவார். டென்வர் ஏர்போர்ட்டுக்கு அடியில் பாதாள நகரம் இருக்கிறதாம். வாசலில் நிற்கும் பேய்க்குதிரை தன்னைச் செய்தவனையே கொன்றதாம். சுவரில் உலகம் அழியப்போவதை வரைந்து வைத்திருக்கிறார்களாம். முதல் தடவை விமானம் ஏறப்போகிற அம்மாவுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கப் போதுமான சரக்கு.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏர்போர்ட்டாக 5க்கு 4. கலைக்கு 4.5. அந்தக் கலையை வருகிறவருக்குப் புரியவைக்கும் பொறுப்புக்கு 2, அதுவும் தாராளமாகப் போட்டது.

முதலில் போய்ச் சேரும் வழி. திருச்சியிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. காவிரி டெல்டாக்காரர்களுக்குச் சுலபம், சென்னைக்குப் போய் லுஃப்தான்சாவில் பிராங்பர்ட் வழியாகவோ பிரிட்டிஷ் ஏர்வேஸில் லண்டன் வழியாகவோ டென்வரில் இறங்குவது. இப்படி வந்தால் இமிகிரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் டென்வரிலேயே. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய், சான் பிரான்சிஸ்கோ மாதிரி மேற்குக் கரை ஊரில் மாறி வருவதும் உண்டு. அதில் ஒரு சிக்கல்: அமெரிக்காவில் முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அங்கேதான் இமிகிரேஷன். பெட்டியில் டென்வர் என்று டேக் ஒட்டியிருந்தாலும், அந்த முதல் ஊரிலேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடியும் பெல்ட்டில் போட வேண்டும். "அதுதான் டென்வர் வரைக்கும் போட்டாச்சே" என்று நேராக அடுத்த விமானத்துக்கு நடப்பவர்களின் பெட்டி அங்கேயே தங்கிவிடும். மாறுவதற்கு மூன்று மணி நேரமாவது இருக்கிற டிக்கெட்டாகப் பாருங்கள். ஆங்கிலம் தடுமாறும் என்றால் டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். தள்ளிக்கொண்டு போகிறவரே வரிசையும் காட்டுவார்.

வறுத்து அரைத்த காப்பிப்பொடி கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் கூடாது. சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அபராதம் மறைப்பவர்களுக்குத்தான். ஏர்போர்ட் 1,656 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காட்டை விடக் கொஞ்சம் மேலே. ஆனால் ஏற்காட்டின் ஈரம் இருக்காது, வறண்ட காற்று. முதல் இரண்டு நாள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

இனி வீடியோ சங்கதிக்கு வருவோம்.

இடத்தின் பரப்பு சுமார் 136 சதுர கிலோமீட்டர். திருச்சி மாநகராட்சி எல்லையில் ஐந்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி ஓடுபாதை இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இங்கே மிக நீளமானது 16,000 அடி, கிட்டத்தட்ட 4.9 கிலோமீட்டர். மொத்தம் ஆறு ஓடுபாதைகள், நான்கு வடக்கு தெற்காக, இரண்டு கிழக்கு மேற்காக. எதுவும் எதையும் வெட்டாது. ஒன்றில் விமானம் இறங்கும்போது மற்றதில் ஏறலாம், காற்று திசை மாறினாலும் வேலை நிற்காது. அதற்காகக் காற்றாடி மாதிரி நடுவைச் சுற்றிப் பரப்பியிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகா போலத் தெரிகிறது என்று அங்கே பதறுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் புதுக்கணக்கு நோட்டிலும் அதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. அவர்களுக்கு அது ஹிட்லரின் சின்னம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பாதாள நகரக் கதைக்கு மூலம் லக்கேஜ்தான். 1993 அக்டோபரில் திறக்க வேண்டிய ஏர்போர்ட், 16 மாதம் தள்ளி 1995 பிப்ரவரி 28-ல் திறந்தது. திட்டத்தைவிட சுமார் 200 கோடி டாலர் அதிகம் விழுங்கி, மொத்தச் செலவு 480 கோடி டாலரைத் தொட்டது. காரணம், பெட்டிகளை ஆள் இல்லாமல் தானாகவே கொண்டுபோகும் ஏற்பாடு. தண்டவாளத்தில் சின்னச் சின்ன வண்டிகள் ஓடும், ஓடுகிற வண்டியில் பெட்டி விழும், கம்ப்யூட்டர் வழிகாட்டும். காலி வண்டியைத் தேவையான இடத்துக்குத் தேவையான நேரத்தில் அனுப்ப அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. வண்டிகள் முட்டின, பெட்டிகள் பறந்தன, கிழிந்தன. 1994-ல் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிய சோதனையிலேயே துணிமணிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன. கடைசியில் ஒரே ஒரு விமான நிறுவனத்தின் புறப்பாட்டுப் பெட்டிகளுக்கு மட்டும் அரைகுறையாக ஓடி, பராமரிப்புக்கே மாதம் பத்து லட்சம் டாலர் கேட்டதால், 2005-ல் மூட்டை கட்டிவிட்டார்கள். இப்போது அந்தச் சுரங்கங்களில் டிராக்டர் மாதிரி இழுவை வண்டிகள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுகின்றன.

அவ்வளவு பணமும் எங்கே போனது, பதுங்குகுழிக்குத்தான் என்கிறது கதை. நம் ஊரில் ஒரு பாலம் எட்டு வருஷம் இழுத்தால் காண்டிராக்டரைச் சந்தேகப்படுவோமே தவிர, அடியில் ரகசிய ஊர் கட்டுகிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நாமும் சளைத்தவர்கள் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னமும் சொல்கிறோம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் நிழல் நன்றாகவே விழுந்து கிடக்கும். விமானத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் உருவம் ஒன்று உண்டு, ராஜராஜன் எதிர்காலத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டான் என்று அதற்கும் ஒரு கதை. எந்தப் பழைய கோயிலுக்கும் ஒரு சுரங்கப்பாதை சொல்லாமல் நமக்குத் தூக்கம் வராது. பெரிய கட்டடமும் புரியாத சிற்பமும் சேர்ந்த இடத்தில் கதை முளைப்பது டென்வருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

இப்போது குதிரை. பெயர் 'நீல முஸ்டாங்', முஸ்டாங் என்றால் அமெரிக்கக் காட்டுக்குதிரை. செய்தவர் லூயிஸ் ஹிமெனெஸ். உயரம் 32 அடி, எடை நான்கு டன்னுக்கு மேல், உள்ளே இரும்புச் சட்டம், மேலே ஃபைபர்கிளாஸ். பின்னங்காலில் எழும்பி நிற்கிறது. உடம்பு மின்னும் நீலம், தோலுக்கு மேலே நரம்பு நரம்பாகக் கறுப்புக் கோடுகள், ராத்திரியில் கண் இரண்டும் சிவப்பாக எரியும். ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ப்ளூசிஃபர், அதாவது நீலச் சாத்தான். 1990-களின் தொடக்கத்தில் ஒப்பந்தமான வேலை தள்ளித் தள்ளிப் போனது. 2006 ஜூன் மாதம் நியூ மெக்சிகோவில் உள்ள பட்டறையில் சிலையின் ஒரு பெரும் பகுதி நழுவி ஹிமெனெஸ் மேல் விழுந்தது. காலில் ரத்தக்குழாய் அறுந்து இறந்துபோனார், வயது 65. குடும்பத்தாரும் பட்டறை ஆட்களும் மிச்ச வேலையை முடித்தார்கள். 2008 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். ஆக, "செய்தவனைக் கொன்ற குதிரை" என்பதில் சம்பவம் உண்மை. மிச்சமெல்லாம் டன் கணக்கான பாரத்தைத் தூக்கி நிறுத்தும் எந்தப் பட்டறையிலும் இருக்கிற ஆபத்து.

அந்தக் கண்ணுக்குக் காரணம் அவருடைய அப்பா. டெக்சாஸின் எல் பாசோ ஊரில் நியான் விளக்குப் பலகை செய்யும் தொழில் நடத்தியவர். மகன் கற்ற கைவேலையின் தொடக்கம் அங்கேதான், சிவப்பு வெளிச்சம் அந்த அப்பாவுக்கு மரியாதை. இதை வீடியோவில் எவரும் சொல்ல மாட்டார்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரையைப் பார்த்தவர்களுக்கு இந்த உருவம் அந்நியமாகவே இருக்காது. அதுவும் பின்னங்காலில் எழும்பி நிற்பது, 33 அடி. மாசி மகத்தன்று ஆளுயரத்துக்கு மேல் காகிதப்பூ மாலைகளைச் சாத்தும்போது குதிரையின் கழுத்தே மறைந்துவிடும். ஊர் எல்லையில் நிற்கிற குதிரை பிதுங்கிய கண்ணோடு, பல் தெரிய, பார்க்கிறவன் ஒரு எட்டுப் பின்னால் போகிற மாதிரிதான் இருக்க வேண்டும். அது காவலுக்கு நிற்பது. சுதை வேலையில் கண் திறப்பது கடைசியில், அதுவரைக்கும் அது பொம்மைதான். டென்வரிலும் குதிரை நிற்பது எல்லையில், பென்யா புலிவார்டு சாலை ஏர்போர்ட்டை நெருங்கும் இடத்தில். அமெரிக்கர்கள் அழகான குதிரையை எதிர்பார்த்தார்கள், எல்லைச்சாமியின் குதிரை வந்து நின்றது. தகராறு அவ்வளவுதான். எடுத்துவிடச் சொல்லி 2009-ல் ஆன்லைனில் பெரிய இயக்கமே நடந்தது. குதிரை அசையவில்லை.

குறை ஒன்று உண்டு. கிட்டப் போக முடியாது. நிறுத்த இடமில்லை, நடைபாதை இல்லை, ஓடுகிற காரிலிருந்து சில நொடிதான். அழைத்துப்போக வரும் பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லி வைத்து, செல்போனை வீடியோவில் போட்டுத் தயாராக இருங்கள். போட்டோ எடுக்க நினைத்தால் படத்தில் சாலையோரக் கம்பம்தான் இருக்கும். இரவுதான் நல்ல நேரம்.

அதிகம் அநியாயம் நடந்தது சுவரோவியங்களுக்கு. லியோ டாங்குமா வரைந்தவை, இரண்டு படைப்புகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பாகம். 'உலகக் குழந்தைகள் அமைதியைக் கனவு காண்கிறார்கள்' என்பதன் முதல் பாகத்தில் வாயு முகமூடி போட்ட ராணுவத்தான், ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் வளைந்த வாள். இறந்த குழந்தையை ஏந்திய தாய்மார்கள் வளைந்து நெளிந்த வரிசையில் அழுகிறார்கள். கீழே ஒரு மூலையில் ஒரு கடிதம், ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் 1943 டிசம்பரில் இறந்த 14 வயதுக் குழந்தை எழுதியது. அடுத்த பாகத்தில் அதே ராணுவத்தான் செத்துக் கிடக்கிறான். பல நாட்டு உடை உடுத்திய குழந்தைகள் வாள்களைக் கொண்டுவந்து கொடுக்க, அவை கலப்பையாக அடிக்கப்படுகின்றன. பைபிளில் ஏசாயா சொன்னது. 'இயற்கையோடு அமைதியும் இணக்கமும்' என்பதும் இதே போக்கு: முதலில் எரியும் காடு, திறந்த சவப்பெட்டிகள், பிறகு செடியைச் சுற்றிக் கூடிக் களிக்கும் ஜனங்கள். வாட்ஸப்பில் பரவுகிற படங்களில் முதல் பாகம் மட்டும்தான் இருக்கும். சூரசம்ஹாரத்தில் சூரன் வருகிற காட்சியோடு எழுந்து வந்து, நாடகம் முழுக்க அசுர ஆட்சி என்று ஊரில் சொல்வது மாதிரி.

2018-ல் டெர்மினல் புதுப்பிப்பு தொடங்கியபோது இவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். இதற்காகவே நேரம் ஒதுக்குவதானால், மறுபடி மாட்டிவிட்டார்களா, எங்கே என்று தகவல் கவுண்டரில் கேட்டுவிட்டு நடங்கள்.

சில்லறை வதந்திகளை வேகமாக முடித்துவிடலாம். தரையில் பதித்த கனிமச் சுரங்க வண்டிப் படத்தில் உள்ள 'ஏயூ, ஏஜி' என்ற எழுத்துகள் ஏதோ கிருமியின் பெயர் என்பார்கள். பிளஸ் டூ வேதியியல் படித்த பிள்ளை தங்கம், வெள்ளி என்று சொல்லிவிடும், கொலராடோவின் சுரங்க வரலாறு அது. 1994 மார்ச் 19 தேதியிட்ட கல்லில் ஃப்ரீமேசன் என்ற பழைய சகோதர சங்கத்தின் சின்னம் இருப்பது உண்மை. கல் நாட்டியவர்கள் அவர்கள், உள்ளே 2094-ல் திறக்க வேண்டிய காலப்பேழை இருக்கிறது. அதில் செதுக்கியுள்ள 'நியூ வேர்ல்டு ஏர்போர்ட் கமிஷன்' திறப்பு விழா நடத்த உள்ளூர் வியாபாரிகள் சேர்ந்த குழு. லக்கேஜ் எடுக்கும் 5-ஆம் தளத்தில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற பூதங்கள் டெர்ரி ஆலன் செய்தவை, பெட்டி தொலையாமல் காக்க வைத்த வேடிக்கை. திருஷ்டிப் பூசணிக்காய்க்கு அண்ணன் முறை.

நிர்வாகத்துக்கு 2 மதிப்பெண் ஏன் என்றால், வதந்தியை அவர்களே விற்றார்கள். 2016 அக்டோபரைச் 'சதிக்கோட்பாட்டு மாதம்' என்று கொண்டாடினார்கள். 2018-ல் கட்டுமானத் தடுப்புகளில் பல்லி மனிதர், வேற்றுக்கிரகவாசி படம் போட்டார்கள். 2019-ல் பேசுகிற பூதப் பொம்மை ஒன்றை வைத்துப் பயணிகளைக் கலாய்த்தார்கள். சிரிப்பு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வதைமுகாமில் செத்த குழந்தையின் கடிதம் தொங்கிய கட்டடம் அது. அந்தக் கடிதத்துக்குச் செலவழித்த விளம்பரம் எவ்வளவு?

பார்க்கும் வரிசை: கல், பூதங்கள், தரை எழுத்து எல்லாம் பாதுகாப்புச் சோதனைக்கு வெளியே. லண்டன், பிராங்பர்ட்டிலிருந்து வருகிறவர்கள் கஸ்டம்ஸ் முடிந்ததும் அங்கேதான் வருவார்கள், ஒரு மணி நேரம் போதும். டென்வரில் உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள் இதற்காக வெளியே வந்தால் மறுபடி சோதனை வரிசையில் நிற்க வேண்டும், நான்கு மணி நேர இடைவெளி இல்லாவிட்டால் வேண்டாம். நகருக்குள் போக ஏ லைன் ரயில், யூனியன் ஸ்டேஷனுக்கு 37 நிமிடம், கட்டணம் 10 டாலர்.

ஊர் திரும்பும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். விமானம் ஏறும் பி, சி கட்டடங்களுக்கு (கான்கோர்ஸ்) சுரங்க ரயில் தவிர வேறு வழி கிடையாது. ஏறியதும் உட்கார இடம் தேடாமல் சன்னலை ஒட்டி நில்லுங்கள். சுரங்கச் சுவரில் 5,280 குட்டி விசிறிகள் பதித்திருக்கிறார்கள், ஒரு மைலுக்கு எத்தனை அடியோ அத்தனை. ரயில் தள்ளிக்கொண்டு போகிற காற்றில் அவை வரிசையாகச் சுழலத் தொடங்கும். சில நொடிதான், அதற்குள் அடுத்த நிலையத்தின் அறிவிப்பு வந்துவிடும்.