மெல்போர்ன் வேதாகமக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள்: ஈரோட்டு மாணவன் ஒருவனின் அனுபவப் பகிர்வு

2022 பிப்ரவரியில் மெல்போர்ன் நகரிலுள்ள ஒரு வேதாகமக் கல்லூரியில் எம்.டிவ். என்னும் முதுநிலை இறையியல் படிப்பில் சேர்ந்தேன், 2024 நவம்பரில் அதை முடித்துக்கொண்டு ஈரோட்டுக்குத் திரும்பினேன். படித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே அனுபவத்தை எழுதித் தரும்படி எங்கள் சபை வாலிபர் சிலர் கேட்டார்கள். ஒரு படிப்பின் தரம் வகுப்பறையில் தெரிவதைவிட ஊருக்கு வந்து புழங்கும்போதே நன்றாகத் தெரியும் என்பதால் ஓராண்டுக்கு மேல் காத்திருந்து இதை எழுதுகிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதாகமத்தின் மூலமொழிகளான கிரேக்கத்தையும் எபிரெயத்தையும் ஊன்றிக் கற்க விரும்புகிறவர் தாராளமாகப் போகலாம். தமிழில் பிரசங்கிக்கவும் தமிழ்ச் சபையை நடத்தவும் கற்றுக்கொள்வதே நோக்கமென்றால் அவருக்கு மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியே பொருத்தமான இடம்.

ஈரோட்டில் பிரப் ரோட்டையும் பிரப் நினைவு ஆலயத்தையும் அறியாதவர் இல்லை. அந்தப் பெயருக்குரிய வாட்சன் பிரப் ஆஸ்திரேலியாவிலிருந்து இலண்டன் மிஷனரி சங்கத்தின் வழியாக இங்கு வந்து உழைத்தவர். நான் புறப்படும் செய்தியைக் கேட்ட அம்மிச்சி (அம்மாவின் அம்மா), “அவரு வந்த ஊருக்கே நீ படிக்கப் போறயா சாமி?” என்று கேட்டுவிட்டு, ஓரம் நைந்துபோன தம்முடைய தமிழ் வேதாகமத்தை என் பெட்டியில் வைத்தார். அங்கே அதற்கு என்ன வேலை என்று நினைத்து நான் அதைத் துணிகளுக்கு அடியில் தள்ளினேன். அது என் மேசைக்கு வர ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

நடைமுறைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாணவர் விசா, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், படிப்புக் காலம் முழுவதற்குமான மருத்துவக் காப்பீடு ஆகிய மூன்றும் இல்லாமல் நகர முடியாது. நான் சேர்ந்த ஆண்டில் மாணவர்கள் வேலை பார்ப்பதற்கான நேர வரம்பு தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டிருந்தது. 2023 ஜூலை 1 முதல் இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. மாலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் வேலையில் கிடைத்த ஊதியம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருந்தது. கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சபை கொடுத்தது. மீதியை அப்பா மஞ்சள் விற்ற பணத்திலிருந்தும் கடன் வாங்கியும் கட்டினார். கட்டணத்தைப் பகுதிநேர வேலையிலேயே சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்ப வேண்டாம்.

ஒரு நாளின் ஒழுங்கு எளிமையானது. காலையில் வகுப்பு, இடையில் சிற்றாலய ஆராதனை, பிற்பகலில் நூலகம், மாலையில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை ஐந்தாறு பேர் கூடி ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கும் சிறு குழு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் குறிப்பிட்ட ஒரு சபையில் பயிற்சி ஊழியம் செய்ய வேண்டும். ஈஸ்டர் இலையுதிர் காலத்திலும் கிறிஸ்துமஸ் கோடைக்காலத்திலும் வருவது முதல் ஆண்டில் மனத்துக்கு ஒட்டவில்லை. சனிக்கிழமைகளில் பொதுச் சமையலறையில் அரிசிம்பருப்புச் சாதம் வைப்பேன். சின்ன வெங்காயமும் பூண்டும் நெய்யில் வதங்கும் வாசனைக்கே கொரிய, சூடானிய நண்பர்கள் தட்டுடன் வந்துவிடுவார்கள். அந்த நட்பு இன்றுவரை தொடர்கிறது.

கிரேக்க வகுப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 5,400 வெவ்வேறு சொற்கள் உள்ளன. அவற்றில் 50 முறையோ அதற்கு மேலோ வரும் சொற்கள் 300-க்குச் சற்று அதிகம்; ஆனால் மொத்த வாசகத்தில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அவையே நிரப்புகின்றன. ஆகவே முதல் ஆண்டு முழுவதும் அந்த முந்நூற்றுச் சொச்சம் சொற்களை மனப்பாடம் செய்வதிலேயே போகிறது. சிறு அட்டைகளில் ஒரு பக்கம் கிரேக்கமும் மறுபக்கம் பொருளுமாக எழுதி, வேலைக்குப் போகும் டிராமில் புரட்டிக்கொண்டிருப்பேன். மறுபக்கத்தில் ஆங்கிலப் பொருளை எழுதிய வரையில் சொற்கள் மனத்தில் நிற்கவே இல்லை. செப்டம்பரில், வேறு வழி தெரியாமல், பெட்டியின் அடியிலிருந்து அம்மிச்சியின் வேதாகமத்தை எடுத்து அதிலுள்ள சொற்களை எழுதத் தொடங்கினேன். பள்ளியில் படித்த பெயரெச்சம், வினையெச்சம், வேற்றுமை உருபு எல்லாம் அதன்பிறகுதான் எனக்குக் கைகொடுத்தன. வேற்றுமை என்றால் என்னவென்று ஆங்கிலம் மட்டுமே அறிந்த வகுப்புத் தோழர்களுக்குப் பல வாரங்கள் விளக்க வேண்டியிருந்தது. “வீட்டை, வீட்டுக்கு, வீட்டில்” என்று பிறந்தது முதல் பேசிவரும் நமக்கு அது புதிதே அல்ல.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். மத்தேயு 28-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களில் ஆண்டவர் சீஷர்களை அனுப்புகிறார். கிரேக்க வாசகத்தில் “சீஷராக்குங்கள்” என்பது ஒன்றுதான் ஏவல் முற்று. போவது, ஞானஸ்நானம் கொடுப்பது, உபதேசிப்பது ஆகிய மூன்றும் அதைச் சார்ந்து நிற்கும் எச்சங்கள். பவர் ஐயர் என்ற மிஷனரியின் தலைமையில் நிறைவேறி 1871-இல் வெளிவந்த தமிழ் வேதாகமத் திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்), நம் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் அந்த வாசகத்தில், “புறப்பட்டுப்போய்”, “சீஷராக்கி”, “ஞானஸ்நானங்கொடுத்து” என்று எச்சங்கள் அடுக்கி வந்து, இறுதியில் “உபதேசம்பண்ணுங்கள்” என்று முற்றுப்பெறுகிறது. தமிழ் வாக்கியத்தின் பாரம் முற்றிலேயே இறங்கும். எனவே கிரேக்கத்தில் சீஷராக்குவதில் இருக்கும் அழுத்தம் தமிழில் உபதேசத்துக்குப் போய்விட்டது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்போ “சீடராக்குங்கள்” என்று முற்றாகவே வைத்து, தொடரைப் பிரித்துவிடுகிறது. இதை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, ஆசிரியர் ஒவ்வொரு சொல்லாகப் பொருள் கேட்டு, அன்றைய பாடத்தையே நிறுத்திவைத்து, தமிழ் வினையெச்சத்தைப் பற்றி மேலும் விளக்கச் சொன்னார். நான் என் மொழியைக் கொண்டே ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியும், பிறருக்குக் கற்பிக்கவும் முடியும் என்ற எண்ணம் எனக்கு முதன்முதலாக அந்த அறையில்தான் உண்டாயிற்று.

மரியாதை பற்றியும் அப்படியே. ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பது அங்கே வழக்கம். சின்னக் குழந்தையிடமும் “வாங்க, போங்க” என்று பேசும் மண்ணில் வளர்ந்த எனக்கு ஓராண்டு வரை நாக்கு திரும்பவில்லை. ஆனால் அந்தத் தடுமாற்றமே என்னை யோவான் 4-ஆம் அதிகாரத்தைக் கூர்ந்து வாசிக்க வைத்தது. கிரேக்கத்தில் “அவன்”, “அவர்” என்ற வேறுபாடு இல்லை. இயேசுவை “அவர்” என்றும் கிணற்றடிக்கு வந்த சமாரியப் பெண்ணை “அவள்” என்றும் எழுதியது தமிழில் பெயர்த்தவர்களின் முடிவு. திருவிவிலியத்தில் அந்தப் பெண்ணும் “அவர்” ஆகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் அந்த உரையாடலின் சாயலே மாறுவதை உணரலாம். பழைய திருப்புதலின் ஓசையை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனாலும் இந்த ஓரிடத்தில் புதிய வாசகமே எனக்குச் சரியென்று படுகிறது.

எபிரெயத்தில் நான் சுமாரான மாணவன்தான். ஆயினும் 1 இராஜாக்கள் 10:22-இல் சாலொமோனின் கப்பல்கள் மயில்களைக் கொண்டுவந்ததைச் சொல்லும் இடத்தில் வரும் “துக்கியிம்” என்ற சொல்லைக் கால்டுவெல் தமிழின் “தோகை”யுடன் தொடர்புபடுத்தியதைப் பாடத்தில் கேட்டபோது, சென்னிமலை அடிவாரத்து வயல்களில் விடியற்காலையில் அகவும் மயில்கள் நினைவுக்கு வந்தன. இந்தத் தொடர்பை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை என்பதையும் ஆசிரியர் சேர்த்தே சொன்னார். விருப்பமான ஒரு கருத்தை ஆதாரத்தின் அளவுக்கு மேல் அழுத்திச் சொல்லக் கூடாது என்ற பழக்கத்தை அந்தக் கல்லூரி எனக்குக் கொடுத்தது.

குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும். சேர்க்கைக்கு உதவிய முகவர் நிறுவனம் ஒன்று, இந்தப் பட்டம் இந்தியாவில் எங்கும் செல்லும் என்று உறுதி கூறியது. திரும்பி வந்த பிறகுதான் உண்மை விளங்கிற்று. ஆயர் பணிக்கான பாதை நம் நாட்டில் பெரும்பாலும், இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. (இளநிலை இறையியல்) பட்டத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது. வெளிநாட்டுப் பட்டத்துடன் வருகிறவர் கூடுதலாக என்ன செய்ய வேண்டும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே திருமண்டல அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை; அதனால் இழந்த மாதங்கள் பல. டிசம்பர், ஜனவரி விடுமுறையில் விடுதி வெறிச்சோடிவிடும். முதல் கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து அறைக்குத் திரும்பிய பிறகு மறுநாள் வரை ஒருவருடனும் பேசவில்லை. புறப்படுமுன் அங்குள்ள தமிழ்க் குடும்பம் ஒன்றையாவது அறிந்துவைத்திருப்பது அவசியம்.

எல்லாவற்றிலும் பெரிய குறை பிரசங்கம். பத்து நிமிடப் பிரசங்கத்தைப் பதிவுசெய்து, வரி வரியாகத் திருத்துவார்கள்; பயிற்சி சிறந்ததுதான். ஆனால் அது முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. ஊர் திரும்பி, சென்னிமலைப் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றில் முதன்முறை பேசினேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தறி ஓட்டும் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லாத்தான் பேசுனீங்க தம்பி, ஆனா எங்ககிட்டப் பேசுன மாதிரி இல்லீங்க” என்றார். அவர் சொன்னது முழுவதும் உண்மை. அன்றிலிருந்து குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதுவதை விட்டுவிட்டேன். மூன்று ஆண்டுகளும் வாரம் ஒருமுறை தமிழில் ஒரு பக்கமாவது எழுதியிருந்தால் அந்த நிலை வந்திருக்காது.

இப்போது வியாழக்கிழமை மாலைகளில், தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு, அதே ஊரில் எட்டுப் பத்துப் பேருடன் மாற்கு சுவிசேஷத்தை வாசித்துவருகிறோம். கிரேக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் கேம்பிரிட்ஜ் டின்டேல் ஹவுஸில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெப் பைபிள் என்ற வேதாகம ஆய்வுக் கருவியைக் கைப்பேசியில் பயன்படுத்துகிறேன். அம்மிச்சியின் வேதாகமம் மடியில் இருக்கும். சென்ற வாரம் 4-ஆம் அதிகாரம், புயல். “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்று சீஷர்கள் கேட்கிறார்கள். கிரேக்கத்தில் “நாம்”, “நாங்கள்” என்று இரண்டு சொற்கள் இல்லை, தமிழில் பெயர்த்தவர்தான் “நாங்கள்” என்பதைத் தேர்ந்தெடுத்தார் என்று விளக்கி, நீங்களாக இருந்தால் எதைப் போடுவீர்கள் என்று கேட்டேன். பவானி ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர், “முழுகற பரிசல்ல அவரும்தானுங்க இருக்காரு, ‘நாம’ன்னுதான் வரும்” என்றார். அவர் அருகில் இருந்த மருமகள் உடனே, “இல்லீங்க மாமா, அவரு தூங்கறாரு, இவங்களுக்குக் கோவம், கோவத்துல ‘நாங்க’ன்னுதானுங்க வரும்” என்றார். அதன்பின் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒன்பதரை மணிக்குக் கடைசிப் பேருந்துக்காக நான் எழுந்தபோதும் பேச்சு முடியவில்லை. அடுத்த வசனத்துக்கு நாங்கள் இன்னும் போகவில்லை.