'ஜெயிலர்': வீட்டு டிவியிலா, எம்ஆர்டி பயணத்திலா?

ரஜினியின் 'ஜெயிலர்' இரண்டாம் பாகம் வருவதற்குள் 2023-இல் வந்த முதல் பாகத்தை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும். பிரைம் வீடியோவில் இருக்கிறது, அதனால் படத்தைத் தேடி அலைய வேண்டாம். எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலில் பார்ப்பது வசதிதான். ஜூரோங் ஈஸ்ட்டில் ஏறி தெம்பனிஸ் போவதற்குள் கணிசமான பகுதி ஓடிவிடும். ஹெட்போன் கட்டாயம், பக்கத்து இருக்கைக்காரர் ரஜினி ரசிகராக இருந்தாலும்கூட! கிரீட மோசடி, தமன்னா, சுனில் என்று போகும் கிளைக்கதைக்கு இது போதும். அங்கே படம் கொஞ்சம் தொங்கும், ஓட்டிவிட்டாலும் குறையில்லை.

ஆனால் முதல் பாதியை இப்படித் துண்டு போடவே கூடாது. யோகி பாபுவிடம் பேச்சு வாங்கிக்கொண்டு பேரனோடு சுற்றும் முத்துவேல் பாண்டியனை (ரஜினியின் பாத்திரம்) இயக்குநர் நெல்சன் நிதானமாகக் காட்டுவதே இடைவேளைக்காகத்தான். குடும்பம் வீட்டுக்குள் மிரண்டு நிற்க, ரஜினி அசையாமல் இருக்க, ஸ்னைப்பர் குண்டுகள் பாயும் அந்தக் காட்சிக்கு அனிருத்தின் இசை சோபாவரை அதிர வேண்டும். கைப்பேசியில் அது வெறும் சத்தம். மோகன்லால், சிவராஜ்குமார் நுழையும்போது விசிலடிக்க வீட்டில் நாலு பேராவது இருக்க வேண்டாமா?

என் ஓட்டு டிவிக்கே. அடுக்குமாடி வீடு என்பதால் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள். படம் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், பக்கத்து வீட்டுக்காரர் தூங்குவதற்குள் முடிந்துவிடும். தேக்கா சந்தையில் முறுக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தலை வெட்டும் காட்சிகள் உண்டு, சின்னப் பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.